நீரை வெறுப்பது எது? அறிவியற் சொல்லாட்சி குறித்து ஒரு விமரிசன நோக்கு

தமிழில் அறிவியல் எழுதுதல் பற்றிய விவாதம் நெடுங்காலமாகக் கலைச்சொல் விவாதமாகவே நடந்து வந்துள்ளது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. அவருடைய முயற்சியின் பேறாக 1875 இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிடப்பட்டது. இன்று ஈழத்தில் 'பல்பகுதியம்' என்பது தமிழகத்திற் 'பலபடி' ஆகிறது. இங்கு 'இரசாயனவியல்', அங்கு 'வேதியியல்'. எச்சொல் தூய்மையானது என்ற வினாவிலேயே நமது ஆற்றலிற் பெரும்பகுதி செலவாகியுள்ளது. ஒரு சொல் பொருளின் மெய்யான இயக்கத்தைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவுக்கு உரைகல்லாக 'நீர்வெறுப்பு' என்னுஞ் சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை 'நீர்விருப்பு' உடையது, அதன் நீண்ட ஐதரோகாபன் வால் 'நீர்வெறுப்பு' உடையது என்று நமது பாடநூல்கள் கூறும். குறித்த ஒரு செறிவைத் தாண்டியதும் இம்மூலக்கூறுகள் வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் அமையத் திரள்கின்றன. இத்திரளே மைசெல். சவர்க்காரக் கரைசலில் இத்தகைய திரள்கள் உள்ளன என 1913 இல் மக்பெயின் முன்வைத்தார். அவற்றின் கோளவடிவை 1936 இல் ஹார்ட்லி விளக்கினார். நீருக்கும் ஐதரோகாபனுக்குமிடையே உண்மையான விலக்கம் எதுவுமில்லை என்பதை ஹார்ட்லி அன்றே வற்புறுத்தினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. நீர் மூலக்கூறுகள் தம்முள் ஐதரசன் பிணைப்பாற் கொண்டுள்ள பிணிப்பு மிக வலிது. அவ்வலையினுள் ஐதரோகாபன் புகுமிடத்து, நீர் தன் ஒழுங்கமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. அம்மாற்றத்தின் விலையே வால்களை ஒன்றுசேர்க்கின்றது. அதாவது, காரணம் வாலின் மனப்பாங்கிலன்று, நீரின் உள்ளுறவிலேயே உளது. கிரேக்கச் சொல் அச்சத்தைக் குறித்தது. தமிழில் அது வெறுப்பாயிற்று. பிறர் சொல்லின் குறையைப் பெயர்த்ததோடு நில்லாது, நாம் அதனை மேலும் கூர்மைப்படுத்தியுள்ளோம்.

இது வெறும் சொற்சிலம்பம் அன்று. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சென்றடையும் அனலைதீவை நோக்குவோம். சுண்ணக்கல் நிலத்தின் கீழ், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே இத்தகைய தீவுகளின் நன்னீர். அளவுமீறி இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும். சுண்ணக்கல்லூடு ஊறிய வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கல்சியம், மகனீசியம் அயன்கள் கொழுப்பமில அயன்களோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிகின்றன. மைசெல் அமைதற்குப் போதிய மூலக்கூறுகள் எஞ்சுவதில்லை. தீவுப் பெண்கள் நாள்தோறும் காணும் இவ்வுண்மையை 'விருப்பு, வெறுப்பு' என்னும் சொற்களால் விளக்கவியலாது. நீரை விரும்புவதாகச் சொல்லப்பட்ட அதே தலையே இங்கு நீரைவிட்டுப் பிரிகின்றது. குறை சவர்க்காரத்திலுமன்று, நீரிலுமன்று. அவை சந்திக்கும் நிலைமையிலேயே உளது.

துண்ட இணைபல்பகுதியங்களின் மைசெல்களிடம் வரும்போது இச்சொல்லாட்சியின் போதாமை முற்றாக வெளிப்படுகின்றது. தம்முள் வேறுபட்ட இரண்டோ மூன்றோ பல்பகுதியச் சங்கிலிகளை முனையோடு முனை பிணைத்து ஆக்கப்படுபவை இவை. 1956 இல் சுவார்க் கண்ட 'உயிருள்ள' பல்பகுதியமாக்கல் முறை இவற்றைத் திட்டமிட்டு ஆக்க வழிவகுத்தது. கரைப்பான் ஒரு துண்டத்தைக் கரைத்து மற்றதைக் கரைக்காதவிடத்து, கரையாத் துண்டங்கள் கருவாகவும் கரையுந் துண்டங்கள் புறமுடியாகவும் அமைகின்றன. புறமுடி நீண்டிருப்பின் திரள் விண்மீன்போல் விரியும். கரு பெரிதாகிப் புறமுடி குறுகின் ஒட்ட வெட்டிய மயிர்போற் காணும். இவற்றின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 100 நனோமீற்றர் வரையாகும்.

இப்போது நமது சொல்லைச் சோதிப்போம். பொலிஸ்ரைரீனும் பொலியைசோப்பிரீனும் பிணைந்த மூலக்கூறு எப்தேனிற் கரைக்கப்படின், பொலிஸ்ரைரீன் கருவாக மைசெல் தோன்றும். அங்கே நீர் ஒரு துளியுமில்லை. இரு துண்டங்களுமே 'நீர்வெறுப்பு' உடையன. பொலியெதிலீன் ஒட்சைட்டும் பொலிபுரொப்பிலீன் ஒட்சைட்டும் கொண்ட பொலொக்சமர்கள் இன்னும் தெளிவான சான்று. குளிர்நீரில் இரு துண்டங்களும் கரையும். வெப்பநிலை உயர, பொலிபுரொப்பிலீன் ஒட்சைட்டுத் துண்டம் கரையும் தன்மையை இழந்து கருவாகத் திரளும். பொலொக்சமர் 407 இன் 20 சதவீதக் கரைசல் குளிர்ப்பெட்டியில் நீர்மம், உடல் வெப்பத்திற் கூழ். கறியுப்புச் சேர்ப்பின் மைசெல் அமையும் வெப்பநிலை தாழும். அதே சங்கிலி, அதே நீர். எனினும் காலையில் விருப்பும் மதியத்தில் வெறுப்புமா? பண்பு பொருளினுள் நிலையாக உறைவதன்று; உறவிற் பிறந்து, நிலைமை மாற மாறுவது.

நடத்தையிலும் இவ்வுண்மை புலப்படும். சவர்க்கார மைசெல்லில் மூலக்கூறுகள் நுண்செக்கனில் வந்து வந்து போகின்றன. பல்பகுதிய மைசெல்லிலோ நீண்ட சங்கிலி கருவினின்று விடுபட மணிக்கணக்காகலாம். பொலிஸ்ரைரீன்போற் கண்ணாடித்தன்மையுற்ற கரு அறைவெப்பத்தில் ஏறத்தாழ உறைந்தேவிடும். மைசெல் அமைதற்கு வேண்டிய செறிவும் மிகக் குறைவு. இவ்வியல்புகள் காரணமாகவே நீரிற் கரையாத மருந்துகளைக் கருவினுள் ஏற்றிச் செல்ல இவை பயன்படுகின்றன. பக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் இத்தகைய ஒரு மைசெல் 2007 இல் தென்கொரியாவில் அங்கீகாரம் பெற்றது.

வழக்கூன்றிய சொல்லை மாற்றின் மாணவர் இடர்ப்படுவர் என்ற வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. பரீட்சை எழுதுவோர் அச்சொல்லை எழுதட்டும். ஆயின், விளக்க உரைநடையில் 'கரைப்பானோடு இயையுந் துண்டம்', 'இயையாத் துண்டம்' எனலே பொருந்தும். இயைபு என்பது இரு பொருள்களை வேண்டிநிற்கும் சொல். பாடசாலையில் தமிழிற் கற்றுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் நம் மாணவர் பெரும்பாலும் சொற்களை எடுத்துச் செல்கின்றனர். காரணங்களை எடுத்துச் செல்வோர் சிலரே. இதற்குத் தமிழின் வறுமை காரணமன்று. பெயரிடுதலையே விளக்கமாகக் கொண்ட நமது எழுத்துமுறையே காரணம். அறிவியற் றமிழின் தகுதி சொற்றொகுதிகளின் பருமனால் அளக்கப்படுவதன்று. தீவின் கிணற்றுநீரையும் ஆய்வுகூடக் கரைசலையும் ஒரே காரணத் தொடரால் விளக்கவல்ல வாக்கியங்களாலேயே அளக்கப்படும்.