எட்டா வெட்டட்டுமா?

பீட்சாவில் பரிமாறல் கிடையாது. இலை போட்டு உட்கார்ந்தால் சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வந்து போகும். 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கவும் 'போதும் போதும்' என்று இலையை மறைக்கவும் இடமிருக்கும். பீட்சா முழுசாக, ஒரே தடவையில் வந்து மேசை மேல் உட்கார்ந்துவிடுகிறது. நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவரை யார் எவர் என்று கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போடுவதைப் பார்த்துப் பழகிய வட்டாரம். இங்கே வந்து பீட்சா விற்பவருக்கு, ருசியைவிட உபசாரம்தான் முதல் சிக்கலாக இருக்கும். நெய்வேலி நகரியத்தின் கடைத்தெருவில் நாலே மேசை போட்ட ஒரு சின்னக் கடை அதைச் சமாளிக்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டியோடு ஐந்து பேராக ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. மீடியம் ஒன்று சொன்னார்கள். கடையின் வழக்கம் ஆறு துண்டு. பீட்சா வெளியே வந்ததும் பரிமாறும் பையன் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எட்டா வெட்டட்டுமாங்கம்மா?" என்றான். அந்த அம்மா ஒரு கணம் யோசித்து, "அப்படியே பண்ணுப்பா" என்றார். ஆறாக வெட்டியிருந்தால் ஆளுக்கு ஒன்று போக மிச்சமிருக்கும் ஒன்றுக்குப் பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொண்டிருக்கும். எட்டாகும்போது பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, அப்பாவுக்கு இரண்டு, பாட்டிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. கணக்கு தீர்ந்தது. அம்மாவுக்கு ஏன் ஒன்றே ஒன்று என்பது வேறு விஷயம். அதைக் கடைக்காரப் பையன் தலையில் போட முடியாது.

வெட்டுவதற்கு முன் அவன் காத்திருந்ததையும் சொல்ல வேண்டும். ஓவனிலிருந்து எடுத்த கையோடு உருளைக் கத்தியை ஓட்டினால் உருகிய சீஸ் கத்தியோடு இழுபட்டு, மேலே இருக்கிற வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஒரு நிமிடம் விட்டால் சீஸ் கொஞ்சம் இறுகி இடத்தில் நிற்கும். ரொம்ப நேரம் விட்டால் ரப்பர். இந்த இடைவெளியைக் கடிகாரம் பார்த்துப் பிடிக்க முடியாது. மேலே கொப்பளித்துக்கொண்டிருக்கும் எண்ணெய் அடங்குவதைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பசியோடு இருந்த அப்பா அவனை முறைத்துக்கொண்டிருந்தார்.

துண்டை எடுத்ததும் நான் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மேல்பக்கம் அலங்காரம், ஏமாற்றலாம், அடிப்பக்கம் ஏமாற்றாது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே விறகடுப்பின் சூடு 480 டிகிரியைத் தொடும். ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். விளிம்பு ஊதி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுவில் தளதளவென்று இருக்கும். நம் ஊர் மின்சார ஓவனுக்கு அந்தச் சூடு வராது. எட்டுப் பத்து நிமிடம் உள்ளே இருப்பதால் மாவின் ஈரம் வற்றி, அடிப்பக்கம் ஒரே சீரான பொன்னிறத்தில் மொறுமொறுத்துவிடுகிறது. இதைக் குறையென்று சொல்லும் ருசிப்பிரியர்கள் உண்டு. டீயில் ரஸ்க் முக்கித் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த மொறுமொறுப்புதான் சொந்தம் என்பது என் கட்சி. இந்தக் கடையில் வெங்காயத்தை மெல்லிசாகச் சீவுகிறார்கள். அதனால் தண்ணீர் விடாமல் ஓரம் மட்டும் கருகித் தித்திக்கிறது. தடித்தடியாக நறுக்கிப்போடும் கடைகளில் சீஸுக்கு அடியில் குளம் கட்டிவிடும்.

அடுப்பைப் பற்றிப் பேச நெய்வேலிக்கு உரிமை உண்டு. பழுப்பு நிலக்கரியிலிருந்து லெக்கோ என்ற கட்டிக்கரியை இங்கே செய்து விற்றார்கள். வீட்டு அடுப்பிலும் டீக்கடை அடுப்பிலும் புகையில்லாமல் எரிந்த கரி அது. லெக்கோ போய்விட்டது. நிலக்கரி இப்போது அனல்மின் நிலையத்தில் எரிந்து மின்சாரமாகிறது. கடைக்காரர் ஓவனின் சுவிட்சைப் போடுகிறார்.

கடையின் கூட்டத்தை அனல்மின் நிலையத்தின் ஷிப்ட்தான் தீர்மானிக்கிறது. சாயங்காலம் டியூஷன் விட்ட பிள்ளைகளும் குடும்பங்களும். இவர்களுக்கு மெனு கார்டைப் புரட்டுவதே பாதி சந்தோஷம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மெனுவைத் தொடுவதே இல்லை. "வழக்கமானது, பார்சல்" என்பதோடு சரி. அவர்களுடைய பார்சலில் சில்லி ஃப்ளேக்ஸ் பாக்கெட் தானாகவே இரண்டு கூடுதலாக விழுகிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இந்த ஊரில் சுலபம். திட்டம் போட்டுக் கட்டிய நகரியம்; பிளாக்கும் சாலையும் கதவு எண்ணும் சொன்னால் வண்டி வாசலில் நிற்கும்.

பார்சல் பெட்டியைத் திறந்தால் நடுவே மூன்று கால் வைத்த ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலி. ஆவியில் நனைந்த அட்டை மூடி தொய்ந்து சீஸில் ஒட்டிக்கொள்ளாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த கார்மெலா விட்டாலே என்ற பெண்மணி 1985-ல் காப்புரிமை வாங்கிய பொருள். இதைத் தூக்கிப்போடாமல் கழுவி வைத்திருந்து, நவராத்திரிக்கு மரப்பாச்சிக்கு முன்னால் நைவேத்தியத் தட்டு வைக்கும் மேசையாக்கிக்கொண்ட ஒரு வீடு எனக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மாள் கேட்டிருந்தால் இன்னொரு காப்புரிமையே கொடுத்திருக்கலாம்.

கேள்வி கேட்கிற வாடிக்கையாளர்களும் இங்கே அதிகம். "பேஸ்ல முட்டை இருக்கா?" என்பது முதல் கேள்வி. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை அரசு ஓராண்டுக்குத் தடைசெய்தபோது கூடவே இன்னொன்று சேர்ந்துகொண்டது: "மயோனைஸ் எதுல செஞ்சது?" கடைக்காரர் அலுத்துக்கொள்வதில்லை. ஜாடியைக் கொண்டுவந்து லேபிளைக் காட்டுகிறார். கண்ணாடி கொண்டுவராத பெரியவருக்குப் படித்தும் காட்டுகிறார். சனிக்கிழமை என்றால் வெங்காயம் வேண்டாம் என்பவருக்கு வெங்காயத்துக்குப் பதில் இரண்டு கரண்டி சோளம் கூடப் போட்டுத் தருகிறார். பில்லில் அது ஏறுவதில்லை.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வறுத்த முந்திரியை இரண்டாக உடைத்து, மிளகுப்பொடி தூவி, சீஸ் பொன்னிறமாகும் கடைசி நிமிடத்தில் மேலே போட்டால் எப்படியிருக்கும்! கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "முந்திரி விலை தெரியுமா சார்?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க வாங்கிட்டு வாங்க, நான் போட்டுத் தரேன்" என்றார்.