சொந்த மண் இல்லாத ஆட்டம்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒருவரின் மதத்தை அறிய நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. என்ன ஆட்டம் ஆடுவார் என்று விசாரித்தாலே போதும். ஹர்லிங், கேலிக் கால்பந்து என்றால் கத்தோலிக்கர். ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். கால்பந்து இரு தரப்புக்கும் பொது என்று மூச்சு விட முடியாது. கிளாஸ்கோவில் கத்தோலிக்கர் ஆதரிக்கும் செல்டிக்கா, புராட்டஸ்டன்ட்கள் ஆதரிக்கும் ரேஞ்சர்ஸா என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கும். அதையும் சமாளித்துவிட்டால், ஆங்கில எழுத்துகளைச் சொல்லச் சொல்வார்கள். எட்டாவது எழுத்தை 'ஹெய்ச்' என்று உச்சரித்தால் கத்தோலிக்கர், 'எய்ச்' என்றால் புராட்டஸ்டன்ட். இரு தரப்புக்கும் இடையே ஆயுத மோதல் நடந்த 1970களில், இருட்டிய பிறகு தவறான தெருவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தப் பகுதியின் மைதானங்கள் மனிதர்களைச் சேர்த்து வைத்த கதை குறைவு. 1948 டிசம்பர் 27 அன்று விண்ட்சர் பார்க்கில் புராட்டஸ்டன்ட்களின் லின்ஃபீல்டும் கத்தோலிக்கர்களின் பெல்ஃபாஸ்ட் செல்டிக்கும் மோதின. ஆட்டம் முடிந்ததும் லின்ஃபீல்ட் ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்து செல்டிக் முன்கள வீரர் ஜிம்மி ஜோன்ஸின் காலை உடைத்தார்கள். இத்தனைக்கும் ஜோன்ஸ் ஒரு புராட்டஸ்டன்ட். போட்டிருந்த சட்டைக்குத்தான் அந்த அடி. அந்த சீசனோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கை விட்டே போய்விட்டது. 1972இல் டெர்ரி நகரின் டெர்ரி சிட்டி கிளப்பின் முறை. பாதுகாப்பைக் காரணம் காட்டி அதன் பிராண்டிவெல் மைதானத்தில் ஆட விடவில்லை, கிளப் விலகியது. 1985இல் எல்லைக்கு அப்பால், அயர்லாந்துக் குடியரசின் லீக்கில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

பந்தயத்துக்குப் பேர்போன கிளப்புகளால் முடியாததை ஹில் ஸ்ட்ரீட்டில் இருந்த ஓர் அழுக்கு பார் எப்படிச் செய்தது?

ஹார்ப் பார் என்பது அதன் பெயர். 1978 ஏப்ரலில் அங்கே பங்க் இசைக் குழுக்கள் வாசிக்கத் தொடங்கின. ஃபால்ஸ் ரோடு கத்தோலிக்கப் பையனும் கிழக்கு பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டன்ட் பெண்ணும் ஒரே மேடைக்கு முன்னால் தோள் இடித்துக் குதித்தார்கள். அதற்கு முன் அவர்கள் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. பள்ளிக்கூடங்களே தனித்தனி. இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கவென்று தொடங்கிய முதல் பள்ளியான லகன் காலேஜ் 1981இல்தான் திறந்தது, அதுவும் 28 மாணவர்களோடு.

இசை மனங்களை இணைக்கும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெல்ஃபாஸ்டில் அது எடுபடாது. அங்கே ஒவ்வொரு தரப்புக்கும் சொந்தப் பாட்டு, சொந்த முரசு, சொந்த ஊர்வலம் உண்டு. முதல் அடியைக் கேட்டதுமே பாடுபவன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரு தரப்பும் சேர்ந்து ஆடிய இசை ஒன்று இருந்ததும் உண்மைதான். ஹிட் பாடல்களை அப்படியே வாசித்து ஊர் ஊராக நடன அரங்குகளை நிறைத்த ஷோபேண்டுகள். 1975 ஜூலை 31 பின்னிரவில் அதற்கும் அடி விழுந்தது. பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் வேனை, ராணுவச் சோதனைச் சாவடி போல வேடமிட்டு யுவிஎஃப் என்ற புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழு நிறுத்தியது. வேனில் அவர்கள் வைத்த குண்டு முன்கூட்டியே வெடித்து, வைத்தவர்களில் இருவர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் இசைக் கலைஞர்களைச் சுட்டார்கள். ஃப்ரான் ஓ'டூல், பிரையன் மெக்காய், டோனி ஜெராட்டி மூவரும் இறந்தனர். மெக்காய் புராட்டஸ்டன்ட், குழுவில் இரு மதத்தவரும் இருந்தார்கள். அதன் பிறகு வெளியூர்க் குழுக்கள் வடக்கே வரத் தயங்கின.

ஆக, 1977 வாக்கில் களம் காலி. இதைக் கவனிக்காமல் ஹார்ப் பாரைப் புரிந்துகொள்ள முடியாது. குண்டுகளுக்குப் பயந்து நகர மையத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருந்தார்கள். கடைக்குப் போகிறவர்களையும் பையைத் திறக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மாலையானதும் அவரவர் தெருவுக்கு ஓடிவிட, மையத்தில் ஈ காக்கை இருக்காது. மையம் எந்தத் தரப்புக்கும் சொந்தமாக இல்லாமல் போனது அப்படித்தான். கால்பந்தில் சொந்த மண் சாதகம் என்று ஒன்று சொல்வோமே, ஹார்ப் பாரில் அது யாருக்கும் கிடையாது. வந்தவர்கள் எல்லோருமே வெளியூர் அணி. விண்ட்சர் பார்க்குக்கும் பிராண்டிவெல்லுக்கும் வாய்க்காத வசதி அது.

களம் மட்டும் போதாது, ஆட்ட முறையும் தோதாக இருந்தது. பங்க் பாட்டுக்குச் சில கார்டுகள் தெரிந்தால் போதும். வேகமான தாளம், இரண்டு மூன்று நிமிடம், முடிந்தது. வருடக்கணக்கில் சாதகம் செய்ய வேண்டாம். அதனால் எந்தப் பள்ளியில், எந்தத் தேவாலயத்தில் இசை கற்றாய் என்ற கேள்வியும் எழாது. முக்கியமாக, பாட்டுகள் புத்தம் புதியவை. தாத்தா பாடிய பாட்டு என்ற சுமை அவற்றுக்கு இல்லை. கிழித்த சட்டையும் நிறமடித்த தலைமுடியும்கூடப் பயன்பட்டன என்பது இந்த எழுத்தாளரின் எண்ணம். இரு தரப்புப் பெரியவர்களும் ஒன்றுபோல முகம் சுளித்த உருப்படி அது ஒன்றுதான்.

அணி திரட்டியவர் டெர்ரி ஹூலி. சிறு வயதில் ஒரு கண்ணை இழந்தவர். கிரேட் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடை நடத்தினார். அந்தத் தெருவிலேதான் யூரோப்பா ஹோட்டல். முப்பது முறைக்கு மேல் குண்டு வெடித்த ஹோட்டல். அப்படிப்பட்ட இடத்தில் இசைத்தட்டுக் கடை வைக்கிற ஆளிடம் கணக்கு வழக்கை எதிர்பார்ப்பது நம் தவறு. கிழக்கு பெல்ஃபாஸ்டின் ரூடி குழுவைக் கேட்டு மயங்கி, 1978இல் அவர்களுடைய 'பிக் டைம்' தட்டைத் தானே வெளியிட்டார். விக்டிம், அவுட்காஸ்ட்ஸ் என்று வரிசை நீண்டது. நான்காவது வெளியீடு டெர்ரி நகரிலிருந்து வந்த அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்'. அந்தச் செப்டம்பரில் பிபிசி வானொலியின் ஜான் பீல் அதை ஒலிபரப்பி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

அண்டர்டோன்ஸையும் பெல்ஃபாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்ல பயிற்சி. இரண்டின் முதல் தட்டும் ஒரே ஆண்டில் வந்தது, வியூகம் நேரெதிர். ஜேக் பர்ன்ஸ் தலைமையிலான ஃபிங்கர்ஸ் முன்பு 'ஹைவே ஸ்டார்' என்ற பெயரில் டீப் பர்பிள் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பங்க்குக்கு மாறியதும் குண்டு, சோதனை, சந்தேகம் என்று ஊரின் காயத்தையே பாடினார்கள். கார்டன் ஓகில்வி என்ற பத்திரிகையாளர் வரிகளில் கை கொடுத்தார். தொண்டை கிழியும் குரல், நேரடித் தாக்குதல். 1979இல் வந்த அவர்களுடைய 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்' பிரிட்டனில் 14ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் கலவரத்தைக் காசாக்குகிறார்கள் என்று சொந்த ஊர் பங்க் பிள்ளைகளில் சிலரே முணுமுணுத்தார்கள்.

அண்டர்டோன்ஸ் ஊர் டெர்ரி. 1972 ஜனவரியில் ராணுவம் சுட்டுப் பதின்மூன்று பேர் அன்றே இறந்த ஊர். அவர்களோ பெண்களைப் பற்றியும் வயசுக் கோளாறைப் பற்றியும் பாடினார்கள். 'டீனேஜ் கிக்ஸ்' கிடார் கட்டுமானம் எளிது. ஜான் ஓ'நீல் எழுதிய மெட்டை ஃபியர்கல் ஷார்க்கியின் நடுங்கும் குரல் தூக்கி நிறுத்துகிறது. போரின் சாயல் ஒரு துளி இல்லை. தற்காப்பு ஆட்டம் என்று ஒதுக்கிவிடலாமா? இந்த எழுத்தாளர் ஒதுக்க மாட்டார். ஊரே ஒரே விஷயத்தைப் பேசச் சொல்லி நெருக்கும்போது வேறொன்றைப் பாடுவதற்கு ஃபிங்கர்ஸின் ஆவேசத்துக்குச் சமமான நெஞ்சுரம் வேண்டும். ஹார்ப் பார் கூட்டத்தில் இரண்டுக்குமே இடமிருந்தது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் தரம்.

ஜான் டி. டேவிஸ் 1979இல் எடுத்த 'ஷெல்ஷாக் ராக்' ஆவணப்படத்தில் இந்தத் தலைமுறையைப் பார்க்கலாம். ஒலி கரகரக்கிறது, வாசிப்பில் பிசகுகள் ஏராளம். தேர்ந்த இசை விமர்சகர் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கவனித்தால் எழ மனம் வராது.

குறையையும் சொல்ல வேண்டும். பாரிலே கூடியவர்கள் ஊரின் சிறு துளி. கடன் முற்றி 1982இல் ஹூலி திவாலானார். ஆயுத மோதல் 1998 சமாதான ஒப்பந்தம் வரை நீண்டது. மொத்தம் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனாலும் ஓர் ஒப்பீடு. 1985 ஜூன் 8 அன்று பாரி மெக்விகன் உலக ஃபெதர்வெயிட் பட்டம் வென்றபோது இரு தரப்பும் சேர்ந்து கொண்டாடியது. அதற்காக அந்தக் கத்தோலிக்கக் குத்துச்சண்டை வீரர் எந்த நாட்டுக் கொடியும் தேசிய கீதமும் வேண்டாமென்று சமாதானப் புறாவை ஏந்தினார். தந்தை எல்லோருக்கும் பொதுவான 'டேனி பாய்' பாடினார். அவ்வளவு யோசித்துச் செய்ய வேண்டியிருந்ததை, ஏழு வருடம் முன்பே பதினெட்டு வயதுப் பிள்ளைகள் யோசிக்காமல் செய்திருந்தார்கள்.

பார் மூடியதும் வீடு போக வேண்டும், அதுதான் அவர்களுக்குக் கடினமான பகுதி. பங்க் கோலத்துக்காகவே சொந்தத் தெருவில் அடி வாங்கியவர்கள் இரு தரப்பிலும் உண்டு. காதில் கிடார் இரைச்சல் ஓயாமல், ஒருவர் ஃபால்ஸ் ரோடு பக்கமும் மற்றவர் புராட்டஸ்டன்ட்களின் ஷாங்கில் ரோடு பக்கமும் பிரிந்து நடந்தார்கள். இரண்டு சாலைகளுக்கும் நடுவே எழுப்பிய சுவர் இன்னும் நிற்கிறது. அதன் கதவுகளை இப்போதும் இரவில் பூட்டுகிறார்கள்.