போக்குகளுக்கு அப்பாற்பட்ட போக்கு

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றில் 1960-கள் அணிகளின் காலம் என்பது பலரும் ஒப்பிய முடிபு. அக்காலப் பகுதியை நுணுகி நோக்குவோர்க்கு வேறொன்றும் புலப்படும். அணிசார்ந்து எழுதியோரைக் காட்டிலும், எவ்வணியையும் சாரோம் என்று பறைசாற்றியோரே தமக்கொரு பெயர் சூட்டிக்கொள்வதில் முந்தி நின்றனர். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினின்று பிரிந்த எஸ். பொன்னுத்துரை தம் நிலைப்பாட்டுக்கு இட்ட பெயர் ‘நற்போக்கு’. போக்குகளை மறுக்கப் புறப்பட்டவர் அடைமொழியை மாற்றினாரேயன்றிப் ‘போக்கு’ என்ற பெயரைக் கைவிட்டாரில்லை. எதிராளியின் சொல்லிலேயே தம்மை அடையாளங் காணவேண்டியிருந்தமை அவ்வியக்கத்தின் எல்லையையும் காட்டிவிடுகின்றது.

பொன்னுத்துரையின் கலகம் பெரும்பாலும் ஆட்களைப் பற்றியது. ஆதலின் அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் அத்தகையவரல்லர். 1956 முதல் 1963 வரையிலான காலத்தை ஆராயும் அவருடைய ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ முற்போக்கு இலக்கியத்தை வெறுமனே நிராகரிக்கவில்லை. அதனை ஒரு கட்டமாக ஏற்று, அக்கட்டம் தன் பணியை முடித்துவிட்டது, அடுத்தது வரவேண்டும் என்று வாதிடுகின்றது. ‘போர்ப்பறை’யிலும் (1970), அவர் மறைவின் பின் வெளிவந்த ‘மெய்யுள்’ளிலும் (1974) அந்த ‘அடுத்தது’ எது என்பதை அவர் விரித்துரைத்தார். மார்க்சியத்தையும் மேற்கத்திய நவீனத்துவத்தையும் கடந்த ஒரு புதுயுகம், அதற்கேற்ற ஒரு புதிய கலைவடிவம் என்பன அவர் கோரிக்கைகள். தாம் எவரையும் பின்பற்றவில்லை என்ற உறுதி அவ்வெழுத்து முழுவதிலும் ஓடுகின்றது.

அவ்வுறுதியே ஆய்வுக்குரியது. சமுதாயம் கட்டங் கட்டமாக வளர்கின்றது, ஒவ்வொரு கட்டமும் தன் முரண்பாடுகளால் அடுத்ததைத் தோற்றுவிக்கின்றது என்பது அவர் கடந்துவிட்டதாகக் கருதிய மார்க்சியத்தின் வரலாற்று முறையே. அந்த ஏணியின் உச்சியில் அவர் வைத்த உணர்வுநிலை அரவிந்தரிடமிருந்து வந்தது. சர்வோதயம் காந்தியிடமிருந்து வந்தது. இலங்கையிலும் 1958 முதல் அப்பெயரில் ஓர் இயக்கம் இயங்கிவந்தது. புதுயுகம் பற்றிய எதிர்பார்ப்போ, 1960-களில் ஐரோப்பிய அமெரிக்க இளைஞர் பலரும் கீழைத்தேய ஆன்மிகத்தின்பால் திரும்பிய காலத்துக்கே உரியது; புதுச்சேரிக்கு அருகே ஓரோவில் நகர் தோற்றுவிக்கப்பட்டது 1968-இல். கதையும் கட்டுரையும் கவிதையும் தம்முள் கலக்கும் ‘மெய்யுள்’ என்ற பெயர்கூடச் ‘செய்யுளை’ நோக்கி அமைந்ததே. இவற்றுள் எதுவும் தளையசிங்கத்தின் சிந்தனையை மலிவாக்குவதன்று. காலத்தின் அலையில் நின்றுகொண்டு அலைக்கு அப்பால் நிற்பதாகக் கூறுவதே நாம் மறுக்க வேண்டியது. எழுத்தாளனின் உணர்வு அவன் வாழும் சமூக நிலைமைகளால் உருவாகின்றது என்ற கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது நம் அணியினர்க்கு வசதியாயிருக்கும். ஆயினும் தமிழகத்தை அண்ணாந்து பாரோம், தேசிய இலக்கியம் படைப்போம் என்று முழங்கியவர் நாமே. அம்முழக்கத்தை எழுப்பிய சங்கத்தின் பெயரே 1936-இல் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டை நினைவூட்டுவது. அதன் இலக்கியக் கொள்கை 1934-இன் சோவியத் எழுத்தாளர் மாநாட்டுக்குக் கடன்பட்டது. புதுக்கவிதை விடயத்தில் இது இன்னும் துலக்கமாகின்றது. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ வளர்த்த அவ்வடிவத்தை நம்மவர் பலர் தனிமனிதவாதத்தின் நாகரிகம் என ஒதுக்கினர். 1971-இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ இடதுசாரிக் குரலில் அதே வடிவத்தைக் கையாண்ட பின்னர் தடை மெல்லத் தளர்ந்தது. தளர்ந்தமை நன்றே, ஆனால் அது யாருடைய அனுமதியின் பேரில் நேர்ந்தது என்பதை நாம் வெளிப்படையாகச் சொன்னதில்லை. யாப்பினுள் நின்றே பேச்சோசையைக் கொணர்ந்த மஹாகவியோ, ஆங்கில லிமரிக்கிலிருந்து ‘குறும்பா’வை (1966) ஆக்கியபோது மூலத்தை மறைக்க முற்படவில்லை.

கடனை ஒப்புக்கொள்வதால் எவரும் சிறுமையுற்றதில்லை. இக்கரம்பொன்னில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய ஆய்வு முறைகளிலிருந்து தாம் பெற்றதை ஒருபோதும் மறைத்தாரில்லை. 1952-இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைப் பிறநாட்டு அறிஞர்க்கும் பொதுக்களமாக்கினார். அவருடைய சமயச் சார்பும் பண்பாட்டு நோக்கும் நமக்கு உடன்பாடல்ல என்பது வேறு.

கரம்பொன்னிலிருந்து புங்குடுதீவு தொலைவன்று. வேலணையிலிருந்து கடலின்மேல் இட்ட பாதை அதனை இணைக்கின்றது. உவர் மிகுந்த இத்தீவுகளில் நன்னீர்க் கிணறு என்பது சொத்து. சொத்தாயிருப்பதனாலேயே அது சாதியின் காவலுக்கும் உட்பட்டது. யார் அள்ளலாம், யார் கரையில் காத்துநின்று பிறர் ஊற்றப் பெறவேண்டும் என்பதில் நிலவுடைமையின் முழு ஒழுங்கும் அடங்கியிருந்தது. 1971-இல் தாழ்த்தப்பட்ட மக்கள் அந்நீரை அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார், பொலிசாரால் தாக்கப்பட்டார், 1973-இல் நாற்பது வயது நிறையாமலே மறைந்தார். 1966 முதல் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களை நாம் வர்க்கப் போராட்டத்தின் கூறாகக் கண்டோம்; கண்டது சரியே. புங்குடுதீவுக் கிணற்றடியில் நிகழ்ந்ததை அவ்வாறு காணத் தயங்கினோம். அங்கே செங்கொடி இல்லை, இருந்தது பிரார்த்தனை.

1980-களில் சுந்தர ராமசாமி அவரைத் தமிழக வாசகர்க்கு எடுத்துரைத்த பின்னரே நம்மிற் பலர் தளையசிங்கத்தை மீண்டும் கையிலெடுத்தோம். அப்போதும் பேசப்பட்டது அவருடைய மெய்யியலே. அதனை மறுத்து நாம் எழுதிய பக்கங்கள் பல. அக்கிணற்றைப் பற்றி எழுதியவை மிகச் சில.