கே.பி. ஜானகியம்மாளின் நாடக வாழ்க்கை
கே.பி. ஜானகியம்மாள் (1917–1992) மதுரையைச் சேர்ந்த ஸ்பெஷல் நாடக நடிகை, கம்யூனிஸ்ட் தலைவர். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் நாடகத்தை அரசியலுக்கான முன்னுரையாகவே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். இப்பார்வை பிழையானது.

போடிநாயக்கனூரையும் ஏலமலைச் சரிவுகளையும் தொட்டிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தின் செல்ல நாடகம் ‘வள்ளி திருமணம்’. ஸ்பெஷல் நாடகத்திற்கு ஒத்திகை கிடையாது. தர்க்கக் காட்சியில் எதிரே நிற்பவர் மடக்கினால் வள்ளி அந்த நொடியிலேயே பதில் சொல்லியாக வேண்டும். மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

தேசியப் பாடல்களுக்காகச் சிறை சென்ற எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் மறுத்தனர். ஜானகியம்மாள் நடித்தார். நாடக நடிகையாகவே அவர் அதைச் செய்தார்.