மறத்தாயும் நயின் ஊர்க் கைம்பெண்ணும்

தமிழில் போர் என்று வந்துவிட்டால் உடனே ஒரு தாயைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்திவிடுவார்கள். புறநானூறு 278இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவி, மகன் புறமுதுகு காட்டவில்லை, வெட்டுப்பட்டுத்தான் செத்தான் என்று தெரிந்ததும் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாளாம். 279இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண், பிறந்த வீட்டு ஆணையும் புருசனையும் அடுத்தடுத்த சண்டைகளில் பறிகொடுத்தவள். மிச்சமிருந்த ஒரே பிள்ளைக்கும் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். இதற்கு 'மூதின் முல்லை' என்று துறை வகுத்தார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இதை நடத்தியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடத்தினார்.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அவள் பிள்ளையை அனுப்புவது செருப்பறை கேட்டு. பறை பாட்டில் இருக்கிறது, அடித்தவன் இல்லை. அவனுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாள். அவளுக்கு எந்தப் புலவரும் துறை வகுக்கவில்லை.

சேவுகம்பட்டியில் எங்க அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. சின்ன வயசிலேயே தாலியறுத்து, வயக்காட்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியது. ராத்திரி செபமாலை சொல்லாமல் படுக்காது. 279ஐக் கதையாகச் சொன்னேன். "கடைசிப் பிள்ளையவுமா அனுப்புனா? கிறுக்கச்சி! யாரு காட்டுக்காகடி தாயி அந்தச் சண்ட? இவ பேருல பட்டாவா போட்டுக் குடுத்தாக?" என்றது. பிறகு தானாகவே லூக்கா 7ஆம் அதிகாரத்துக்குப் போய்விட்டது. நயின் ஊரில் ஒரு கைம்பெண்ணின் ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இயேசு பாடையைத் தொட்டு நிறுத்தி, பிள்ளையை எழுப்பி, தாயிடம் ஒப்படைக்கிறார். "பிள்ளையத் திருப்பிக் குடுத்தாருல்ல, அதான் சாமி."

இதை வெறும் பக்தி என்று ஒதுக்க முடியாது. இது ஒரு இலக்கிய விமர்சனம். புறநானூறு தாயிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்கிறது, லூக்கா திருப்பிக் கொடுக்கிறது. வீரம் என்ற சொல்லாடல் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைப் படிக்காத கிழவி ஒரே கேள்வியில் உடைத்துவிட்டது.

ஈழப்போர்க் காலத்திலும் இங்கே மேடை மேடையாக மறத்தாயைத்தான் பாடினோம். அங்கே என்ன நடந்தது? 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். 1999 நவம்பர் 20இல் மடுமாதா கோயில் வளாகத்தில் ஷெல் விழுந்தது. மாதா காலடியில் கிடந்தால் உசுரு தப்பும் என்று நம்பி வந்த சனம் செத்தது. கடைசி வருசங்களில் வன்னியில் வீட்டுக்கொரு பிள்ளையைப் புலிகள் இழுத்துப்போனார்கள். அங்கே எத்தனை தாய் எண்ணெய் தடவி அனுப்பினாள்? ஒளித்துவைத்தவள் எத்தனை பேர்? ஒளித்தவளைப் பாட நம்மிடம் துறை இல்லை.

2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மார்கள். கேட்டுக்கேட்டே செத்துப்போனவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் கேட்பது நயின் ஊர்க்காரி கேட்டிருக்கக்கூடியதைத்தான்: பிள்ளையைக் கொடு.

அதற்காக வேதத்தையும் சபையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பஞ்சமர் வேதத்தில் சேர்ந்தும் சாதி விடவில்லை என்பதை கே. டானியல் 'கானல்' நாவலில் எழுதிவிட்டார். தலைப்பே போதும். பாமாவின் 'சங்கதி' (1994) காட்டும் வெள்ளையம்மாக் கிழவியை எடுத்துக்கொள்ளுங்கள். புருசன் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான், திரும்பவே இல்லை. பிணத்தைப் பார்க்காமலே தாலியைக் கழற்றியவள். ஆளைக் காணாமல் ஆக்கப் போர்தான் வேண்டும் என்பதில்லை, கூலியே போதும். பிள்ளைகள் படிக்கும் என்று வெள்ளைக்காரச் சாமியார்கள் சொல்ல, பறையர்கள் வேதத்தில் சேர்ந்ததையும், அதனாலேயே அரசுச் சலுகை போனதையும் அதே நாவல் பேசுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்தைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. கோயிலுக்குள் சாதி உண்டு, சர்க்கார் காகிதத்தில் மட்டும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கிழவிகள் செபமாலையைக் கீழே வைக்கவில்லை. அது சபைக்குக் காட்டும் விசுவாசம் என்று பங்குச் சாமியார்கள் கணக்கெழுத வேண்டாம். பறிகொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வேறு வழி மிச்சமில்லை.

279ஐ நடத்துகிற தமிழாசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். அதே வாரத்தில் 'சங்கதி'யையும் நடத்துங்கள். அந்தச் செருப்பறையை அடித்தவன் வீடு திரும்பினானா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.