கோட்டை, சரிவு, தவணை: ஓசூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து இரு வர்க்க விளக்கங்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் தொழிலாளரிடையே நிலவும் ஏற்றத்தாழ்வை விளக்க மார்க் ஹோம்ஸ்ட்ரோம் கையாண்ட ‘கோட்டை’, ‘சரிவு’ ஆகிய உருவகங்களும், ஜொனாதன் பாரி பிலாயை ஆராய்ந்து நிறுவிய இருவர்க்கக் கருத்தும் ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதிக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கு ஒருவரின் வர்க்க நிலையைத் தொழிலின் பெயரைவிடப் பணியின் கால அளவே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஓசூர், சமூக நகர்வு, வர்க்கம், நிரந்தரப் பணி, ஒப்பந்த உழைப்பு, பயிலுநர்.

முன்னுரை

1971இல் நிறுவப்பட்ட சிப்காட், அன்றைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. மானாவாரி வேளாண்மையை நம்பியிருந்த பின்தங்கிய மாவட்டம் அது. பெங்களூரோ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. 1980ஆம் ஆண்டளவில் அசோக் லேலண்டின் ஆலையும் டிவிஎஸ்ஸின் மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. டாடா குழுமமும் டிட்கோவும் 1984இல் கூட்டாக நிறுவிய டைட்டன், சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த இளையோரைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரத் தொழிலைப் பயிற்றுவித்தது.

உழவர் வீட்டுப் பிள்ளை ஆலைத் தொழிலாளியாவதைச் சமூகவியல் பாடநூல்கள் மேல்நோக்கிய நகர்வு எனக் கணக்கிடும். 1980களின் ஓசூருக்கு அக்கணக்குப் பெரிதும் பொருந்தும். அதே ஆலைவாயிலில் இன்று நுழையும் இளைஞருக்கும் அது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

கோட்டையும் சரிவும்

ஓசூரை அடுத்த பெங்களூரில் கள ஆய்வு செய்த ஹோம்ஸ்ட்ரோம், 1976இல் வெளிவந்த நூலில் அமைப்புசார் துறையை ஒரு கோட்டையாகக் கண்டார். உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. வெளியே நிற்பவருக்கு இல்லை. 1984இல் வெளியிட்ட அடுத்த நூலில் இப்படிமத்தை அவரே திருத்தினார். தெளிவான மதில் எதுவும் இல்லை, படிப்படியாக அமைந்த ஏற்ற இறக்கங்களே உள்ளன என்பது அவர் பின்னர் வந்தடைந்த முடிவு.

தம் கருத்தைத் தாமே மறுத்த அந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் சரிவு என்னும் உருவகத்தில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. சரிவில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் ஏறுபவரைச் சற்று மேலே கொண்டுசேர்க்கும்; அதாவது, உழைத்த காலம் அனுபவமாகவும் பணிமூப்பாகவும் சேர்ந்துகொண்டே வரும். ஓசூரில் தளர்ந்துபோயிருப்பது இந்தச் சேர்மானமே.

பிலாயின் இரு சொற்கள்

பாரியின் ‘உழைப்பின் வர்க்கங்கள்’ (2020) கோட்டை மதிலை மீண்டும் எழுப்புகிறது. பிலாய் மக்கள் வழங்கும் ‘நௌக்ரி’, ‘காம்’ ஆகிய இரு சொற்களை அவர் இரு வர்க்கங்களின் பெயர்களாகக் கொள்கிறார். நிலையான பணியில் இருப்போரும் நிலையற்ற கூலியில் இருப்போரும் வாழ்க்கைமுறையிலும் பிள்ளை வளர்ப்பிலும் எதிர்கால நோக்கிலும் வேறுபடுகின்றனர் என்பது அவர் வாதம். உருக்காலைத் தொழிலாளரின் மகன்களுக்கு ஆலையில் இடம் அருகிவந்ததையும் அவர் பதிவுசெய்கிறார்.

ஓசூர் வட்டாரத் தமிழ் வழக்கு இப்பிரிவினையை வேறு விதமாக வெளிப்படுத்துகிறது. இங்கு எல்லாருக்கும் ‘கம்பெனி வேலை’தான். வேறுபாடு அதன் முன்னொட்டில் உள்ளது: ‘பர்மனென்ட்’, ‘கான்ட்ராக்ட்’, ‘டிரெய்னி’. பெண் பார்க்கும் வீட்டில் முதலில் கேட்கப்படுவதும் இந்த முன்னொட்டே. சொல்லளவிலேயே பிரிவு மூன்றாகிவிட்டது. பாரியின் இருமை முதலிரண்டையும் விளக்கும். மூன்றாவதான பயிலுநர் நிலைக்கு அதில் தனியிடம் இல்லை.

480 நாள்

இம்மூன்றாம் நிலையைச் சட்டங்களின் வழியே விளங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம், 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நலம் நாடிய இச்சட்டம் காலத்தையே உரிமையின் அளவுகோலாக்கியது. அதனால், காலத்தைத் துண்டாக்கினால் உரிமையும் துண்டாகும் என்னும் வழியும் திறந்தது.

1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டத்தின்படி பயிலுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர். ஆகவே அவருடைய நாள்கள் அந்த 480இல் சேர்வதில்லை. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்ட பணியிலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் பணியாளராகிவிட மாட்டார் என 2001இல் உச்ச நீதிமன்றம் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. ஐ.டி.ஐ. முடித்த ஒருவர் ஓரிடத்தில் பயிலுநராகவும், அடுத்த இரண்டு இடங்களில் ஒப்பந்தக்காரரின் கீழும் பணியாற்றினால், பத்தாண்டு உழைத்த பின்னும் எந்த நிறுவனத்திலும் மூப்பற்றவராகவே நிற்க நேரலாம். அவர் கோட்டைக்கு வெளியே இல்லை, ஆலைக்குள்ளேதான் நிற்கிறார். அவர் சரிவிலும் ஏறவில்லை. ஒவ்வொரு தவணையிலும் அடிவாரத்திலிருந்தே மீண்டும் தொடங்குகிறார்.

இதன் விளைவு தலைமுறைகளுக்கிடையே தெரிகிறது. பள்ளிப்படிப்போடு நிரந்தரமான தந்தைக்கு, அவரினும் கூடுதலாகப் படித்துத் தவணைப் பணியில் இருக்கும் மகன் பிறந்த வீடு ஓசூரில் அரிதன்று. தந்தையின் ஊதியத்தில் எழுந்த மாடிவீட்டின் வாடகை அறைகளில் வெளியூரிலிருந்து வந்த ‘டிரெய்னி’கள் தங்குகின்றனர். முந்திய தலைமுறையின் ஏற்றம் பிந்திய தலைமுறையின் நிலையின்மையிலிருந்து வருவாய் பெறுகிறது. இரு வர்க்கங்களும் தனித்தனிக் குடும்பங்கள் என்னும் எண்ணம் இங்கு நெகிழ்ந்துபோகிறது.

பெண்களின் தவணை

போச்சம்பள்ளியில் அமைந்த மின்ஸ்கூட்டர் ஆலையை முழுவதும் பெண்களே இயக்குவர் என ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஓசூர்ப் பகுதி மின்னணு ஆலைகளிலும் விடுதியில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் பெருமளவில் உள்ளனர். மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் ‘சுமங்கலி’த் திட்டம் ஊதியத்தின் ஒரு பகுதியை மூன்றாண்டு முடியும்வரை நிறுத்திவைத்தது. அதனோடு ஒப்பிட்டால், மாதந்தோறும் சொந்த வங்கிக்கணக்கில் விழும் ஊதியம் மறுக்கவியலாத முன்னேற்றமாகும். ஆயினும் பள்ளிக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே பெண்ணின் உழைப்புக்காலம் என்னும் கணக்கு இன்னும் மறையவில்லை. அவள் ஈட்டும் பணம் வீட்டை உயர்த்தலாம். அவளுக்கெனத் தொழில்வழி நிலை ஒன்று உருவாக அக்காலம் போதாது.

முடிவுரை

ஹோம்ஸ்ட்ரோமும் பாரியும் வர்க்கத்தை இடமாகக் கண்டனர்: ஒருவர் உள்ளே இருக்கிறார், வெளியே இருக்கிறார், அல்லது சரிவின் ஒரு புள்ளியில் நிற்கிறார். ஓசூர் காட்டும் வர்க்கமோ காலத்தால் அமைந்தது. ஆகவே, தந்தை உழவர், மகள் ஆலைத் தொழிலாளி எனத் தொழிற்பெயர்களை மட்டும் ஒப்பிடும் நகர்வு ஆய்வு, நிகழாத ஏற்றத்தையும் ஏற்றமாகப் பதிவுசெய்யும். பணி எத்தனை நாளுக்கு, அந்நாள்கள் யாருடைய கணக்கில் சேர்கின்றன, பணி முடிந்தபின் கையில் எஞ்சுவது என்ன என்னும் மூன்று வினாக்களும் அவ்வாய்வின் வினாநிரலில் இடம்பெற வேண்டும்.