வீட்டை மொழிபெயர்த்தல்: மணிச்சித்திரத்தாழும் சந்திரமுகியும்

திரைப்பட மறுஆக்கத்தை மொழிபெயர்ப்பாக நோக்கும்போது உரையாடலும் பாடலுமே முதலில் ஒப்பீட்டிற்கு வருகின்றன. கதை நிகழும் வீட்டின் உள்ளமைப்பும் அவ்வாறே பெயர்க்கப்படுகிறது என்பது கருதத்தக்கது.

பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப் படம், பி. வாசுவின் இயக்கத்தில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004) எனவும் தமிழில் ‘சந்திரமுகி’ (2005) எனவும் மறுஆக்கம் பெற்றது. பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும் பெண், அங்கு வாழ்ந்து மடிந்த நடனமாதாகவே தன்னை உணரத் தொடங்குவது மூன்றிற்கும் பொதுவான கதை. மூலத்தில் அந்நடனமாது தஞ்சாவூரிலிருந்து வந்த நாகவல்லி. மலையாளம் பேசும் கங்கை திடீரெனத் தமிழ் பேசுவதே அங்கு அச்சத்தை விளைவிக்கிறது. தமிழ்ப் படத்தில் தமிழ் இப்பயனைத் தர இயலாது. ஆகவே சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து வந்தவளாகித் தெலுங்கு பேசுகிறாள். சொல்லை விடுத்துப் பயனைக் காத்த சிறந்த பெயர்ப்பு இது.

வீட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மூலப்படம் திருப்பூணித்துறை மலைமாளிகையிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் படமாக்கப்பட்டது. எனினும் அவை திரையில் அரண்மனையாக அன்றி, மாடம்பள்ளி என்னும் தறவாடாகவே பொருள்படுகின்றன. பூட்டிய பகுதி ‘தெக்கினி’ எனப்படுகிறது. நடுமுற்றத்தைச் சூழ்ந்த நாலுகெட்டின் தென்புறக் கட்டினைக் குறிக்கும் சொல் அது. அச்சத்திற்குரிய இடம், குடும்பத்தார் அன்றாடம் புழங்கும் வீட்டின் ஓர் உறுப்பு என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. தமிழிலோ அது ‘சந்திரமுகியின் அறை’ ஆகிறது. இடப்பெயர் ஆட்பெயராக மாறுகிறது. படத்தின் தலைப்பும் பூட்டின் பெயரிலிருந்து பெண்ணின் பெயருக்கு நகர்ந்துள்ளமை இதனுடன் இணைத்து நோக்கத்தக்கது.

இம்மாற்றம் பெயரளவில் நிற்கவில்லை. நகுலன் தன் மூதாதையர் வீட்டிற்குத் திரும்புகிறான். செந்தில் வேட்டையபுரம் அரண்மனையை விலைக்கு வாங்குகிறான். கொடுமை இழைத்தவர் மூலத்தில் குடும்பத்துக் காரணவர். தமிழில் வேட்டையன் என்னும் அரசன். வழிவழி வந்த வீட்டின் பூட்டிய அறை குடும்பத்தின் பழியைச் சுமக்கிறது. வாங்கிய அரண்மனையின் அறை பிறர் வரலாற்றையே சுமக்கிறது.

இதற்குக் கலைத்திறன் குறைவு காரணமன்று. ‘நாயகன்’ (1987) படத்திற்காகத் தாராவியைச் சென்னையில் உருவாக்கிய தோட்டா தரணியே சந்திரமுகியின் கலை இயக்குநர். தமிழில் நிகரான வீடு இல்லை என்பதும் பொருந்தாது. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு எனச் செட்டிநாட்டு வீடு தனக்கென ஒரு சொற்றொகுதியையே கொண்டுள்ளது. பூட்டிய இரண்டாங்கட்டு, தெக்கினிக்குப் பெரிதும் நெருங்கிய நிகரன் ஆகியிருக்கும். கதைத்தலைவனின் பெருமைக்கேற்ற பிரம்மாண்டம் வேண்டப்பட்டதால் அரண்மனை தேர்ந்தெடுக்கப்பட்டது போலும்.

இத்தேர்வின் விளைவு பன்மொழிச் சூழலில் தெளிவாகும். பெங்களூருவை ஒட்டி ஓசூர்ச் சாலையிலுள்ள ஹெப்பகோடி போன்ற பகுதிகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகியவை அருகருகே வழங்குகின்றன. அத்தகைய பார்வையாளருக்குத் தெலுங்கு அயல்மொழியன்று, அண்டைவீட்டு மொழி. கன்னட வடிவத்திலும் நடனமாதின் மொழி தெலுங்கே. மொழியின் அயன்மை தளருமிடத்தில் கதையைத் தாங்க வேண்டியது வீடே. தமிழ் வடிவத்தில் வீடு அப்பொறுப்பை ஏற்கும் நிலையில் இல்லை.

குரலைப் பெயர்ப்பதில் வென்ற மறுஆக்கம், குரல் எழும் இடத்தைப் பெயர்க்கவில்லை. இடப்பெயர்களைப் பொதுப்பெயர்களாகச் சுருக்கும் மொழிபெயர்ப்பாளர் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய இழப்பு இது.